ஃப்ளோர் மேனேஜர் டேப்லெட்டின் முதல் திரை: ஆளைக் காட்டுவதா, செக்‌ஷனைக் காட்டுவதா?

பல ஜவுளிக் கடைகளில் ஃப்ளோர் மேனேஜர் கையில் இப்போது ஒரு டேப்லெட் இருக்கிறது. அதில் திறக்கும் டாஷ்போர்டோ பெரும்பாலும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்காகச் செய்தது. பத்துப் பதினைந்து பத்திகள் கொண்ட அட்டவணை, மேலே நாலு வட்டப் படம், மூலையில் எக்செல் இறக்கும் பட்டன். மேனேஜர் அதை விரலால் பெரிதாக்குகிறார், இடமும் வலமும் இழுக்கிறார், கடைசியில் மூடிவிட்டு செக்‌ஷன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு "இன்னிக்கு எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

இதைப் புதிதாக வடிவமைக்கலாம் என்று நிர்வாகம் உட்காரும்போது மேசைக்கு வருபவை அநேகமாக நான்கு யோசனைகள்தாம். ஒன்று, விற்பனையாளர்களை முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தும் பட்டியல். இரண்டு, ஆளுக்கு ஓர் அட்டை. மூன்று, எங்கே கோளாறோ அதை மட்டும் எடுத்துக் காட்டும் எச்சரிக்கைப் பட்டியல். நான்கு, செக்‌ஷனும் மணி நேரமுமாகக் கட்டிய தளக் காட்சி. நான்கையும் ஒரே செயலிக்குள் வைக்கலாம்தான். ஆனால் திறந்தவுடன் தெரிவது ஒன்றுதான். வேலை நேரத்தில் மேனேஜர் பெரும்பாலும் பார்க்கப்போவதும் அதை மட்டும்தான். ஆகவே முடிவு செய்ய வேண்டியது முதல் திரையை.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் திரையில் தளக் காட்சி இருக்க வேண்டும். ஆளுக்கான அட்டை உள்ளே, நான்கு வாரக் கணக்கோடு, அந்த ஆளும் கூட உட்கார்ந்து பார்ப்பதற்காக. எச்சரிக்கைக்கு ஒரு மெல்லிய பட்டை போதும். தினசரித் தரவரிசை எங்கேயும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலாளிகள் ஒப்புக்கொள்ள மறுப்பார்கள் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நின்றுகொண்டு பார்க்கிற திரை

மேனேஜர் இதை உட்கார்ந்து பார்ப்பதில்லை. இடக் கையில் டேப்லெட், வலக் கை விரல் திரையில், காது பக்கத்தில் பேசுகிறவரிடம். ஒரு பார்வைக்கு ஐந்து வினாடி கிடைத்தால் அதிகம். மேலே வரிசையாக எரியும் விளக்குகள் திரையில் பளிச்சிடும். கிடங்குக்குள் போனால் வைஃபை அறுந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தத் திரை அவருக்கு மட்டும் தெரிவதில்லை. பக்கத்தில் நின்று புடவை மடிக்கிற பெண்ணுக்குத் தெரிகிறது. கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கும் தெரிகிறது. ஹெட் ஆபீஸ் அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டேப்லெட்டின் முதல் திரை எப்போதும் நாலு பேர் நடுவில்தான் திறக்கிறது. ஆகவே அதில் எந்தத் தனி ஆளைப் பற்றியும் பிறர் பார்க்கக் கூடாத எதுவும் இருக்கக் கூடாது. இதை ஒரு விதியாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினாலே நான்கில் இரண்டு வடிவங்கள் முதல் திரைப் போட்டியிலிருந்து விலகிவிடும்.

அப்புறம், நின்ற இடத்திலிருந்து மேனேஜரால் என்ன செய்ய முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு பேரை மாற்றலாம். கூடுதலாக ஒரு பில்லிங் கவுண்டரைத் திறக்கலாம். சாப்பாட்டு இடைவேளையை முன்பின் தள்ளலாம். தீர்ந்துபோன சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்து வரச் சொல்லலாம். இவை அத்தனையும் செக்‌ஷனைப் பற்றியவை. ஒருவருடைய விற்பனை ஏன் இறங்கியது, அவருக்கு என்ன பயிற்சி வேண்டும், இன்சென்டிவ் எவ்வளவு என்பவையெல்லாம் தளத்தில் நின்றுகொண்டு தீர்மானிக்கிற விஷயங்களே அல்ல. அவற்றுக்கு ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும் வேண்டும்.

ஒரு நாள் கணக்கு எவ்வளவு சொல்லும்?

ஆள்வாரியாகத் தினமும் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது ஒரு சின்னக் கணக்கு. ஒரு விற்பனையாளர் நாளொன்றுக்கு 20 வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய திறமைக்கு, நூறு பேரைக் கவனித்தால் 30 பேர் வாங்குவார்கள். அப்படியானால் நாளொன்றுக்குச் சராசரியாக 6 பில்.

ஆனால் தினமும் 6 வராது. திறமை துளியும் கூடாமல் குறையாமல் இருந்தாலும், யார் வந்தார்கள், என்ன மனநிலையில் வந்தார்கள் என்கிற தற்செயலால் மட்டுமே அது 4-க்கும் 8-க்கும் நடுவில் சர்வசாதாரணமாக ஆடும். ஐந்து நாளில் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகவே அந்த எல்லையையும் தாண்டிப் போகும். அதாவது ஒரே திறமையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு இன்று 4, மற்றவருக்கு 8 என்று விழுவது அதிசயமே இல்லை. திரை அதைப் பார்த்து "இவர் அவரைப்போல் இரு மடங்கு" என்று சொல்லும். நாளைக்கு அதுவே தலைகீழாகும்.

இதையே நாற்பது பேர் உள்ள கடைக்குப் பெருக்கிப் பாருங்கள். நாற்பது பேரும் சம திறமை உள்ளவர்களாகவே இருந்தாலும், தினமும் ஏறக்குறைய நாலு பேர் 3 பில் அல்லது அதற்கும் கீழே நிற்பார்கள். இன்று ஒரு நாலு பேர், நாளை வேறு நாலு பேர். அவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள்.

நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று சேர்த்தால் கதை மாறுகிறது. 480 வாடிக்கையாளர்கள், எதிர்பார்க்கும் பில் 144, வழக்கமான ஆட்டம் பத்துப் பில் முன்பின். நூறு பேருக்கு இத்தனை என்று சொன்னால் 28-லிருந்து 32. இப்போது ஒருவர் 22-லும் இன்னொருவர் 33-லும் நின்றால் அதில் ஏதோ இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம். நாள் கணக்கில் தெரியாதது நான்கு வாரக் கணக்கில் தெரிகிறது. எண்களை விரைவாகக் காட்டுவதும் சரியாகக் காட்டுவதும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பணியாளர் விஷயத்தில் நான் இரண்டாவதின் பக்கம்.

இது தற்செயல் மட்டும். இதற்கு மேல் கடைக்கே உரிய குழப்பங்கள் உண்டு. பில்லில் ஒரு விற்பனையாளரின் குறியீட்டு எண்தான் விழும். பட்டுப் புடவையை இரண்டு மணி நேரம் விரித்துக் காட்டியவர் ஒருவர், அவர் சாப்பிடப் போன நேரத்தில் சீட்டுப் போட்டவர் இன்னொருவர். கல்யாணப் புடவை எடுக்க எட்டுப் பேராக வரும் குடும்பத்துக்கு அரை நாள் போகும், பில் ஒன்றுதான். நைட்டி செக்‌ஷனில் அதே அரை நாளில் முப்பது பில் ஓடும். இந்த இருவரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

தேதி இன்னொரு பொறி. "சென்ற ஆண்டு இதே நாள்" என்று பச்சை, சிவப்பு அம்புக்குறி போடுவது எல்லா டாஷ்போர்டுகளிலும் இருக்கிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. ஆக 2025 அக்டோபர் 25-ஐ முந்தின ஆண்டின் அக்டோபர் 25-ஓடு ஒப்பிட்டால், பண்டிகை முடிந்து காலியாகக் கிடக்கும் கடையைப் பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு பிதுங்கிய கடையோடு ஒப்பிடுகிறோம். எல்லாருக்கும் சிவப்புதான் வரும். ஆடித் தள்ளுபடி, முகூர்த்த நாள், மார்கழி, சம்பள வாரம் என்று நம் கடைகளின் நாட்காட்டி ஆங்கிலத் தேதியில் ஓடவில்லை. தீபாவளிக்கு இத்தனை நாள் முன், முகூர்த்தமா இல்லையா, வாரத்தின் எந்த நாள் என்று பார்த்து ஒப்பிடத் தெரிந்த மென்பொருள்தான் இங்கே உதவும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

தரவரிசைப் பட்டியல்

இதற்கு ஆதரவாகச் சொல்ல இருப்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். செய்வது சுலபம். செலவு குறைவு. பார்த்தவுடன் புரியும். 1984-இல் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் நடத்திய சோதனைகளில், ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் அளவுகளைத்தான் மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று தெரிந்தது. கோணமும் பரப்பும் நிறமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. வரிசையாக அடுக்கிய பட்டைகள் அந்த வகையில் முதல்தரம். வட்டப் படத்தையும் ஸ்பீடோமீட்டர் படத்தையும் எடுத்துவிட்டுப் பட்டை போடுவது எந்த டாஷ்போர்டுக்கும் நல்லதே.

ஆனால் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதுதான் இதன் ஆபத்து. மேலே பார்த்த கணக்கின்படி பெரிய அர்த்தம் இல்லாத வித்தியாசத்தை, கண்ணுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும் வடிவத்தில் தினமும் கொடுக்கிறோம். பார்க்கிறவர் நம்பிவிடுவார், நம்பாமல் இருக்க முடியாது.

அமெரிக்காவில் அனஹைமில் உள்ள டிஸ்னி ஹோட்டல்களின் சலவைப் பிரிவில், ஒவ்வொருவர் பெயரையும் வேலை வேகத்தையும் பெரிய திரையில் எல்லாருக்கும் தெரியும்படி காட்டினார்கள். 2011-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. தொழிலாளர்கள் அந்தத் திரைக்கு வைத்த பெயர் மின்னணுச் சாட்டை. பின்தங்கிவிடுவோமோ என்று கழிவறைக்குப் போவதைக்கூடச் சிலர் தவிர்த்தார்கள். வடிவமைத்தவர்கள் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். வரிசை போட்டுப் பொதுவில் வைத்தால் அது அப்படித்தான் வேலை செய்யும்.

விற்பனைப் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் சியர்ஸ் சில்லறை விற்பனை நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் மையங்களில் கமிஷனும் விற்பனை இலக்கும் வைத்து ஊழியர்களை நெருக்கினார்கள். தேவையில்லாத பாகங்களை மாற்றி வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கியதாக 1992-இல் கலிஃபோர்னியா அரசு குற்றம் சாட்டியது. நிறுவனம் அந்தக் கமிஷன் முறையையே கைவிட வேண்டி வந்தது. அளக்கிற எண் ஒன்றாக இருந்தால் ஆட்கள் அந்த எண்ணுக்குத்தான் வேலை செய்வார்கள்.

ஜவுளிக் கடையில் இது எப்படி வெளிப்படும் என்பது தளத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். நல்ல நகை போட்டுக்கொண்டு வருகிறவரைக் கவனிக்க மூன்று பேர் ஓடுவார்கள். "சும்மா பார்க்கிறோம்" என்று சொல்லும் கல்லூரிப் பெண்ணிடம் யாரும் போக மாட்டார்கள். மாற்ற வந்தவர்களைக் கண்டால் எல்லாரும் வேறு பக்கம் திரும்புவார்கள். அப்புறம் மடிப்பது. ஒரு பட்டு செக்‌ஷனில் மாலைக்குள் விரித்துப் போட்ட புடவைகளை மடித்து, நிறம் பார்த்து, விலைச் சீட்டு வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பில் இல்லை, குறியீட்டு எண் இல்லை. தரவரிசையில் மேலே போக வேண்டும் என்றால் முதலில் விட வேண்டிய வேலை அதுதான். ஆனால் அடுத்த வாடிக்கையாளருக்குக் கேட்ட நிறத்தை இரண்டு நிமிடத்தில் எடுத்துப் போட முடிவது அப்படி மடித்து வைத்தவரால்தான். அவர் பட்டியலில் கடைசியில் நிற்பார். இதை நான் வெறும் அளவீட்டுக் குறையாக மட்டும் பார்க்கவில்லை, அது அநியாயம்.

"போட்டி இருந்தால்தானே வேகம் வரும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. செக்‌ஷன் முழுவதற்குமாக ஓர் இலக்கு வையுங்கள். மடிப்பவரும் விற்பவரும் ஒரே எண்ணின் கீழ் வந்துவிடுவார்கள்.

ஆளுக்கு ஓர் அட்டை

படம், பெயர், இலக்கில் எத்தனை சதவீதம், கீழே ஒரு சின்னக் கோடு. காட்டும்போது அழகாக இருப்பதால் விற்பனைக்கு வரும் மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் காட்டும். எட்டுப் பேர் உள்ள மாதிரித் தரவில் அருமையாக இருக்கும். ஐம்பது பேர் உள்ள கடையில் பத்து அங்குலத் திரைக்கு ஒரு நேரத்தில் பன்னிரண்டு அட்டைதான் வசதியாகக் கொள்ளும். மீதிக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தவிர, மேலே சொன்ன பொதுவெளிப் பிரச்சினை இதற்கும் அப்படியே உண்டு.

ஆனால் உள்ளே வைத்தால் நான்கிலும் அருமையான வடிவம் இதுதான். மாதம் ஒரு முறை விற்பனையாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டேப்லெட்டை இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்துப் பார்க்க ஏற்றது. அப்போது அட்டையில் இருக்க வேண்டியவை: கடந்த நான்கு வாரமும் அதற்கு முந்தைய நான்கு வாரமும், அவரை அவருடைய செக்‌ஷனின் நடு அளவோடு வைத்துக் காட்டும் ஒரு பட்டை, பில்லுக்கு எத்தனை உருப்படி, திரும்பி வந்தவை, எந்தெந்த ஷிஃப்டில் எத்தனை மணி நேரம் நின்றார். கடைசியில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். எப்போதும் காலை ஷிஃப்டே போடப்படுகிறவரின் எண் குறைவாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் ஷிஃப்ட் போட்டவர்.

அட்டையில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். நான் வேண்டாம் என்பேன், அல்லது பணியாளரும் படிக்கக்கூடியதாக மட்டும் வையுங்கள் என்பேன். ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் உள்ள எச்&எம் ஆடை நிறுவனத்தின் சேவை மையத்தில் மேலாளர்கள் பணியாளர்களின் நோய், குடும்பச் சிக்கல் முதலியவற்றைக் குறித்து வைத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தது. வெற்றுக் கட்டம் ஒன்று இருந்தால் அதில் என்ன எழுதப்படும் என்பது வடிவமைப்பாளர் கையில் இல்லை.

எச்சரிக்கைப் பட்டியல்

"எல்லாவற்றையும் காட்டாதே, கவனிக்க வேண்டியதை மட்டும் காட்டு" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்து வினாடிப் பார்வைக்குப் பொருத்தமாகவும் தோன்றுகிறது. ஆள்வாரி விற்பனைக்கு இதைப் பொருத்தும்போதுதான் உடைகிறது. "இலக்கைவிட 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சிவப்பு" என்று வைப்போம். நம் உதாரணத்தில் 6 எதிர்பார்க்கும் இடத்தில் 4 அல்லது அதற்குக் கீழே வந்தால் சிவப்பு விழும். தற்செயலால் மட்டுமே கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு இது நடக்கும். நாற்பது பேரில் ஒன்பது பத்துப் பேர், தினமும். இரண்டே வாரத்தில் மேனேஜர் சிவப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். உண்மையான சிக்கல் வரும் நாளில் அதுவும் அந்தப் பத்தில் ஒன்றாகக் கிடக்கும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத நிகழ்வுகளுக்கு மட்டும் இதை வைத்தால் அருமையாகப் பயன்படும். பில்லிங் வரிசை நீள்கிறது, ஒரு கவுண்டரில் ஆளே இல்லை, ஒருவருக்குச் சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போய்விட்டது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சைஸ் ஒன்று தீர்ந்துவிட்டது. இவற்றில் தற்செயல் இல்லை, செய்ய வேண்டியதும் தெளிவு. திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டையாக, ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் போகாமல் வைத்தால் போதும்.

தளக் காட்சி

இடப்பக்கம் செக்‌ஷன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக: பட்டு, ஃபேன்ஸி, சுடிதார், குழந்தைகள், ஆண்கள், வீட்டு ஜவுளி. மேலே கடை திறந்ததிலிருந்து மணி நேரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே செய்தி: அந்த மணி நேரத்தில் எத்தனை பில், எத்தனை விற்பனையாளர்கள் நின்றார்கள். பின்னால் மங்கலாக ஒரு குறி, இதே மாதிரி நாட்களில் வழக்கமாக எவ்வளவு என்று. ஆள் பெயர் எதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மணிக் கட்டத்தில் சுடிதார் செக்‌ஷனில் மூன்று பேர், பில் வழக்கத்தைவிடக் கூடுதல். 6 மணிக் கட்டத்திலும் மூன்று பேரே, பில் வழக்கத்தைவிடக் குறைவு. கூட்டம் குறைந்ததா? இல்லை, அதே மணி நேரத்தில் வீட்டு ஜவுளியில் ஐந்து பேர், பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தலைநிமிர்ந்து பார்த்தால் சுடிதார் பக்கம் வாடிக்கையாளர்கள் காத்து நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு பேரை மாற்றினால் 7 மணிக் கட்டத்தில் விளைவு தெரியும். தரவரிசைப் பட்டியல் இதே நிலவரத்தை எப்படிக் காட்டியிருக்கும்? வீட்டு ஜவுளியில் நின்ற ஐந்து பேரும் அடிமட்டத்தில். குறை அந்த ஐந்து பேர் மீது விழுந்திருக்கும், ஆட்கள் இடம் மாறியிருக்க மாட்டார்கள்.

ஆட்களை எங்கே, எப்போது நிறுத்துகிறோம் என்பது விற்பனையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு வெளியிலிருந்தும் சான்று உண்டு. கேப் ஆடை நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகளில், ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. சில கடைகளில் ஷிஃப்ட் நேரங்களை நிலையாகவும் முன்கூட்டியே தெரியும்படியும் ஆக்கினார்கள், பரபரப்பான நேரத்துக்கு ஆள் கூட்டினார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. ஆட்களை மாற்றவில்லை, விரட்டவும் இல்லை, நேரத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. நான்கில் செலவு அதிகம் இதற்குத்தான். யார் இப்போது எந்த செக்‌ஷனில் நிற்கிறார் என்பதை சூப்பர்வைசர் உடனுக்குடன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அது இரண்டு தட்டில் முடியாவிட்டால் செய்ய மாட்டார், செய்யாவிட்டால் திரை பொய் சொல்லும். வாசலில் வைக்கும் எண்ணிக்கைக் கருவி கடைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் சொல்லும், எந்த செக்‌ஷனுக்குப் போனார்கள் என்று சொல்லாது. ஆகவே வாங்காமல் போனவர்களின் எண்ணிக்கை செக்‌ஷன்வாரியாகக் கிடைக்காது. பில்லை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். முதலாளிக்குக் காட்டும்போது "இதில் யார் சரியில்லை என்று தெரியவில்லையே" என்பார். அதற்கான பதில் மாதாந்திர அட்டையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரையில் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்

டேப்லெட்டைக் குறுக்காகப் பிடித்தால் மணி நேரக் கட்டங்கள் நன்றாக அமரும். விரலால் தொடும் இடங்களுக்கு ஆப்பிள் குறைந்தது 44 புள்ளியும் கூகுள் 48 டிபியும் சொல்கின்றன (இரண்டும் திரையில் அளப்பதற்கான அலகுகள்). பின்னது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். கம்ப்யூட்டர் அட்டவணையின் வரிசைகள் இதில் பாதிகூட இருப்பதில்லை, நடந்துகொண்டே தொட்டால் பக்கத்து வரிசைதான் திறக்கும். மவுஸைக் கொண்டுபோனால் விவரம் தெரியும் வகை எதுவும் இங்கே வேலை செய்யாது.

பச்சை, சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் ஒவ்வொரு பெரிய கடையிலும் இருப்பார்கள். குறியின் வடிவத்தையும் மாற்றுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி; விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் திரைக்கு அதற்கு மேலேயே வையுங்கள்.

தமிழில் தலைப்பு போடுவதாக இருந்தால் (சூப்பர்வைசர்களும் பார்ப்பார்கள் என்றால் போட வேண்டும்) அகலத்தை முதலிலிருந்தே தமிழுக்காக விடுங்கள். ஆங்கிலத்துக்கு வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழைத் திணித்தால் "வீட்டு ஜவு..." என்று வெட்டுப்பட்டுத்தான் நிற்கும். தொகையை 1,25,000 என்று நம் முறையில் பிரியுங்கள். வைஃபை போய்விட்டால் பழைய எண்ணைப் புதியதுபோல் காட்டாமல், "4.40 மணி நிலவரம்" என்று பெரிதாகப் போடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடுவோம். 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. நின்றபடியே நாள் முழுவதும் வேலை பார்த்த பெண்களின் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. "சும்மா இருந்த நேரம்" என்று ஒரு எண்ணை டாஷ்போர்டில் கொண்டுவந்தால், கொடுத்த நாற்காலியைத் திரை வழியாகப் பிடுங்குவதாகும். அந்த எண்ணை யார் கேட்டாலும் செய்து கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தொடர்பான தேவைகளுக்குப் பணியாளர் தரவைப் பயன்படுத்த இடம் தருகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் நாலு பேர் பார்க்கும் திரையில் போட அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே வேறு முடிவு எடுக்கலாம்

ஆறு பேர் உள்ள மொபைல் கடைக்குத் தளக் காட்சி வீண் செலவு. அங்கே எல்லாரும் எல்லாமும் விற்பார்கள், மேனேஜர் ஒரே பார்வையில் கடை முழுவதையும் பார்த்துவிடுவார். மாதாந்திர அட்டையும் எச்சரிக்கைப் பட்டையும் போதும். நகைக் கடையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு விழும் பில் மிகக் குறைவு என்பதால் நான்கு வாரம்கூடப் போதாது, மூன்று மாதக் கணக்காவது வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் விற்பனையாளர் என்று ஒருவரே இல்லை. அங்கே அடுக்குகள் நிரம்பியிருக்கின்றனவா, பில்லிங் வரிசை எவ்வளவு நீளம் என்பவைதான் கேள்வி. அதற்குத் தளக் காட்சியின் எளிய வடிவமே பொருந்தும்.

செக்‌ஷன்கள் பிரிந்த, முப்பது பேருக்கு மேல் உள்ள கடைக்கு நான் சொல்லும் வழி இது. இரண்டு தளங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றில் பழைய டாஷ்போர்டு, மற்றதில் தளக் காட்சி. ஆறு வாரம் ஓட்டுங்கள். மூன்றாம் வாரம் முடிந்ததும் தளங்களை மாற்றிவிடுங்கள், ஒரு தளத்தின் ராசியால் முடிவு மாறாமல் இருக்க. விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள். மேனேஜர் எத்தனை முறை ஆட்களை இடம் மாற்றினார், மாற்றிய அடுத்த மணி நேரத்தில் என்ன ஆனது, பணியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆடி மாதத்தில் தொடங்க வேண்டாம். தள்ளுபடிக் கூட்டத்தில் எதுவும் தெரியாது. ஆவணியில் தொடங்கினால் முகூர்த்த நாளும் சாதாரண நாளும் இரண்டும் கிடைக்கும், தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் திருத்தவும் நேரம் இருக்கும்.